காரைக்குடியில் மாடிப் போர்ஷன்: குப்பை, தண்ணீர், தோட்டம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

மாடிப்போர்ஷன்:
சென்னையிலிருந்து திரும்பி வந்து செக்காலைப் பக்கம் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். மொட்டை மாடியைப் புழங்கிக்கொள்ள ஓனரம்மா சம்மதித்துவிட்டார்; தளத்தில் ஈரம் நிற்கக் கூடாது என்பது மட்டும் கண்டிஷன்.

கோனாபட்டில் அப்பத்தா வீட்டில் குப்பைக் கூடையே கிடையாது. எங்கள் வீட்டில் தினம் ஒரு பை நிறைகிறது. இணையத்தில் ஒரு வார இறுதி வகுப்பு பார்த்தேன்: உரம், மாடித்தோட்டம், சோப்பு, மழைநீர் எல்லாம் இரண்டே நாளில், கூடவே ஒரு கிட், கட்டணம் நாலாயிரத்துச் சொச்சம். சேரலாமா? இல்லை, இங்கேயே கற்றுக்கொள்ள வழி உண்டா?

பள்ளத்தூர் டீச்சர்:
அம்மாடி, அந்த நாலாயிரத்தைப் பத்திரமாக வை. இரண்டு நாளில் நாலு வேலையைக் காதால் கேட்கலாம், கை பழகாது.

அப்பத்தா வீட்டில் குப்பை சேராததற்குச் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. பின்கட்டைத் தாண்டினால் தோட்டமும் மாடும் இருந்தன. உனக்கு இரண்டும் இல்லை. மாடு செய்த வேலையை இனி ஒரு வாளி செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதை மட்டும் முதலில் பழகு.

பழைய பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, பக்கத்திலும் அடியிலும் துளை போடு. செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு கொடு. ஓனரம்மாவுக்கும் நிம்மதி. அடியில் தேங்காய் நார். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேலை சுறுசுறுப்பாகத் தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அடிவரை கிளறு, காற்றுப் போக வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்: கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினாலோ நாறினாலோ இன்னும் இலை போடு. புழு நெளிவதைப் பார்த்து அலறாதே, அதுவும் மக்க வைக்கிற ஆள்தான். சமைத்த சோறும் மீன் முள்ளும் கைப்பழக்கம் வந்த பிறகு பார்க்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசம் வரும், சலித்துக்கொள்.

நிறையப் பேர் விட்டுவிடுவது எங்கே தெரியுமா? காய்ந்த இலை தீர்ந்துபோகும் இடத்தில். கழிவு தினமும் வரும், இலை தினமும் வராது. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் கொட்டித் தீர்க்கும். தெருவில் கூட்டி நெருப்பு வைப்பதற்கு முன்னால் சாக்கில் அள்ளி நனையாத இடத்தில் வை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் காய்ந்த இலைக்கு எங்கே போவாய்? சாக்கு இல்லாமல் வாளி வாங்காதே.

சோப்பு காய்ச்சுவது வேண்டவே வேண்டாம். அதற்குப் போடுகிற காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும், வீட்டில் சின்னப் பையன் வேறு. சீயக்காயை மில்லில் அரைத்து வைத்துக்கொள், வேலை முடிந்தது.

தண்ணீர்: நம் பக்கத்து வளவு வீடுகளில் நாலு தாழ்வாரத்து மழையும் முற்றத்தில்தான் விழும். ஓட்டு விளிம்புக்குக் கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள், மிச்சம் சாக்கடை வழியாக வெளியே போகும். உன் மொட்டை மாடியும் ஒரு முற்றம்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் 900 லிட்டருக்கு மேல். தளம் குடித்தது, சிதறியது போக 700 கைக்கு வரும். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அதனால் குழாய் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று இறங்கிப் பார்த்துவிட்டு எழுது.

கத்தரிக்காய்க் கட்சி:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் மாடித்தோட்டத்தைச் சும்மா தாண்டிப் போய்விட்டார். நான் சொல்கிறேன்: சித்திரையில் ஆரம்பிக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் செடிப் பைகள் தினம் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். லாரித் தண்ணீரை ஊற்றித் தக்காளி வளர்ப்பதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆடியில் விதையுங்கள்: கத்தரி, வெண்டை, கொத்தவரை, கைப்பிடிச் சுவரில் ஒரு அவரை. பாதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே பயிற்சிகள் நடக்கும். போய்க் கேளுங்கள்.

ஈயக்கடை மகன்:
யாரும் ரிப்பேரைப் பற்றிப் பேசவில்லையே! முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் பித்தளைச் சாமான் வாங்கிச் சமைக்க ஆசைப்படுவார்கள். உள்ளே பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கவே கூடாது, களிம்பு ஏறும். ஈயம் பூசிய பிறகு வையுங்கள். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம் (டின்) தானா என்று கேட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். காரீயம் (லெட்) விஷம். அப்பா பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடி போட்டு, வெள்ளீயத்தை உருகவிட்டுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் வெள்ளி மாதிரி ஆகிவிடும். இதை நீங்கள் கற்க வேண்டாம், புகை ஆகாது. குக்கர் கேஸ்கட், குழாய் வாஷர் மாற்றப் பழகுங்கள், போதும். சொட்டுகிற குழாய்தான் வீட்டில் பெரிய செலவு.

மாடிப்போர்ஷன்:
எல்லாருக்கும் நன்றி. டீச்சர் ஆச்சி, குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தேன். மாடியிலிருந்து ஒழுங்காகத்தான் இறங்குகிறது, கீழே வந்ததும் நேராகத் தெருச் சாக்கடை! சேகரிப்புத் தொட்டி மேல் பைக் நிறுத்த சிமென்ட் போட்டிருக்கிறார்கள். ஓனரம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பள்ளத்தூர் டீச்சர்:
தொட்டியைப் பற்றி இப்போது வாய் திறக்காதே, வாடகை ஏறும். "குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வைத்துக்கொள்கிறேன், வாசல் தெளிக்க நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல். மறுக்க மாட்டார். மழைக்கு முன் மாடியைக் கூட்டு, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் பிடி. டிரம் வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டு. டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். துணி துவைக்க, செடிக்கு ஊற்ற வைத்துக்கொள், குடிக்க வேண்டாம். டிரம் நிரம்பி வழிவதை ஓனரம்மா பார்க்கட்டும், சிமென்டை உடைக்கிற பேச்சை அவரே எடுப்பார்.