பழைய ஆம்ப்ல இருக்கிற அந்த சதை புது ஹை எண்ட் ஆம்ப்ல ஏன் வரல? உதவி தேவை

ரெண்டுகட்டை:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைய குடையுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. எழுபதுகளோட கடைசில வந்த ஜப்பான் இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டில இருக்கிற ஆம்ப்ளிஃபயர்) ஒண்ணு வச்சிருக்கேன், முன்னாடி ரெண்டு வி.யூ. மீட்டர், தூக்கினா இடுப்பு புடிச்சுக்கும். இப்ப கிளாஸ் டி (வேகமா ஆன்-ஆஃப் ஆகி ஓடுற டைப்) பவர் ஆம்ப் ஒண்ணும் அதுக்கு வால்யூம் வைக்க ஒரு ப்ரீஆம்ப்பும் புதுசா வந்திருக்கு. ஸ்பீக்கர் அதே, டிஏசி (டிஜிட்டல் பாட்டை சிக்னலா மாத்துற பெட்டி) அதே, பாட்டும் அதே. புதுசுல எல்லாம் பளிச்னு சுத்தமா கேக்குது, ஆனா குரலுக்கு அடில ஒரு சதை இருக்குமே அது இல்ல, மிருதங்கத்துல தொப்பி பக்கம் மெலிஞ்ச மாதிரி இருக்கு. பழசுல பாடகர் கொஞ்சம் வலது பக்கமா நின்னு பாடுவார், ஸ்டேஜ் பெருசா தெரியும். எப்பவாச்சும் லெஃப்ட் சேனல் அமுங்கும், வால்யூமை ஒரு திருகு திருகினா வந்துடும், பழசுன்னா அப்படித்தானே. விக்கிறவர் நூறு மணி நேரம் ஓடவிடுங்க தானா திறந்துக்கும்ங்கிறார். புதுசுல எதாவது கோளாறா, இல்ல நெஜமாவே அந்தக்கால ஆம்ப் தான் உசத்தியா?

வால்வுப்பைத்தியம்:
அந்தக்காலம் அந்தக்காலம் தான் தலைவா. மீட்டர்ல சைபர் சைபரா டிஸ்டார்ஷன் காட்டும், பாட்டு மட்டும் வராது. காதை நம்புங்க.

மல்டிமீட்டர்மாமா:
காதை நம்பலாம் தம்பி, ஆனா முதல்ல ரெண்டு ஆம்ப்பையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வரணும். ஒண்ணு அரை டிபி (டெசிபெல், சத்தத்தோட அளவு) கூட ஓடினா காது அதை "சத்தம் ஜாஸ்தி"ன்னு சொல்லாது, "பாடி இருக்கு, உயிர் இருக்கு"ன்னு தான் சொல்லும், இதுல ஏமாறாத ஆளே கிடையாது. ரெண்டு நாப்பும் பத்து மணில இருக்குங்கிறது கணக்கே இல்ல, ஒவ்வொண்ணோட கெயினும் (சிக்னலைப் பெருக்குற அளவு) வேற. புதுசுல ஒரே ப்ரீஆம்ப்ப பேலன்ஸ்டு, ஆர்சிஏன்னு ரெண்டு விதமான கனெக்ஷன்லயும் மாத்திக் குத்தினாலே பெரும்பாலும் 6 டிபி வித்தியாசம் வரும்.

1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு, ஸ்பீக்கர் மாட்டின நிலையிலயே டெர்மினல்ல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு பாருங்க. மலிவு மீட்டர் அந்த ஃப்ரீக்வென்சில கொஞ்சம் பொய் சொல்லும், பரவால்ல, ஒரே மீட்டர் ஒரே டோன்னா அந்தப் பொய் ரெண்டு ஆம்ப்புக்கும் ஒண்ணாவே விழும். 0.1 டிபின்னா வோல்டேஜ்ல சுமார் 1.2 சதவீதம், அதுக்குள்ள கொண்டு வாங்க. லெஃப்ட் ரைட் தனித்தனியா பாருங்க, ஏன்னா பாடகர் வலது பக்கம் நிக்கிறார்னு நீங்க எழுதினது எனக்கு சரியா படல.

ஒண்ணு மறந்துடாதீங்க, ரெண்டு ஆம்ப்போட அவுட்புட்டையும் ஒரே ஸ்பீக்கர்ல ஒண்ணா மாட்டவே கூடாது. பழைய ஸ்பீக்கர் செலக்டர் பாக்ஸும் வேண்டாம், அதுல பல மாடல்ல நெகட்டிவ் எல்லாம் உள்ள ஒண்ணா சேர்ந்திருக்கும், உங்க கிளாஸ் டி பிரிட்ஜ்டு டைப்பா இருந்தா நெகட்டிவ்லயும் சிக்னல் ஓடும், ஒரு நொடில புகை தான். ஆஃப் பண்ணி கையால மாத்துங்க.

ரெண்டுகட்டை:
மாமா பாத்துட்டேன். நான் வழக்கமா கேக்குற இடத்துல நாப்பை வச்சு எடுத்தது: பழசு ரைட் 2.83 வோல்ட், லெஃப்ட் 2.51. புதுசு ரெண்டு பக்கமும் 2.25. பழசுல லவுட்னெஸ் (மெதுவா கேக்கும்போது பாஸைத் தூக்குற சுவிட்ச்) ஆஃப்ல தான் இருக்கு, பாஸ் ட்ரெபிள் ரெண்டும் நடுவுல.

மல்டிமீட்டர்மாமா:
அப்ப ரைட்டுக்கு ரைட் பழசு 2 டிபி கூட ஓடியிருக்கு, அதுக்குள்ளயே லெஃப்ட் 1 டிபி கம்மி. சதையும் பெரிய ஸ்டேஜும் பாதி இங்கயே இருக்கு. பேலன்ஸ் நாப்பை திருகி பழசை சமன் பண்ணிட்டு, புதுசை 2.83க்கு ஏத்தி கேளுங்க. டோன் கன்ட்ரோல் நடுவுல இருந்தா ஃபிளாட்னு நம்பாதீங்க, நாப்பதஞ்சு வருஷ பொட்டென்ஷியோமீட்டர் அது, டோன் கன்ட்ரோலையே விலக்கி விடுற டோன் டிஃபீட் சுவிட்ச் இருந்தா அமுக்குங்க.

வால்வுப்பைத்தியம்:
எல்லாத்தையும் வோல்ட்டா ஆக்கிட்டீங்க. அப்ப என் வால்வு ஆம்ப் வேற மாதிரி பாடுறது பிரமையா?

சால்டர்புகை:
பிரமை இல்ல அண்ணே, ஆனா காரணம் இருக்கு. வால்வு ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு காட்டுற தடை) ஒரு ஓம், ரெண்டு ஓம்னு கூட போகும், ஸ்பீக்கரோ 8 ஓம்னு பேர் தான், ஒரு இடத்துல 4க்கு இறங்கும், பாஸ் ரெசொனன்ஸ்ல 20, 30னு ஏறும், அதனால ஏறுற இடத்துல எல்லாம் சத்தமும் கொஞ்சம் ஏறும். நீங்க கேக்குறது பாதி ஆம்ப், பாதி உங்க ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் கர்வ். வேற ஸ்பீக்கர் மாட்டினா அதே வால்வு வேற குணம் காட்டும். 1985ல அமெரிக்க ஆம்ப் டிசைனர் பாப் கார்வர் இதைத்தான் பண்ணிக் காட்டினார், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்க குடுத்த ஒசத்தி ஆம்ப்பையும் தன்னோட டிரான்சிஸ்டர் ஆம்ப்பையும் ஒண்ணா ஓடவிட்டு, ரெண்டுக்கும் நடுவுல மிஞ்சுற வித்தியாச சிக்னலை மட்டும் தனியா எடுத்து, அது கிட்டத்தட்ட காணாம போற வரைக்கும் தன் ஆம்ப்ப மாத்தினார், கடைசில அவங்களாலயே பிரிச்சு சொல்ல முடியல.

கிளாஸ் டி-லயும் ரெண்டு ஜாதி இருக்கு. பழைய டிசைன் சிலதுல அவுட்புட் ஃபில்டர் ஃபீட்பேக்குக்கு (அவுட்புட்டை திரும்ப எடுத்து தப்பைத் திருத்துற சுற்று) வெளிய இருக்கும், ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரி ட்ரெபிள் ஏறும் இறங்கும். என்கோர், பியூரிஃபை மாதிரி மாட்யூல்ல ஃபில்டருக்கு அப்புறம் இருந்து ஃபீட்பேக் எடுக்கிறாங்க, அந்தத் தொல்லை இல்ல. கிளாஸ் டி மெலிசுங்கிற கெட்ட பேர்ல ஒரு பங்கு அந்த முதல் ஜாதி வாங்கிக் குடுத்தது.

ரெண்டுகட்டை:
சமன் பண்ணி கேட்டேன். குரல் வித்தியாசம் போயிடுச்சு, நெஜமா போயிடுச்சு, எது ஓடுதுன்னு பாக்காம இருந்தா சொல்லத் தெரியல. பாஸ் மட்டும் பழசுல கொஞ்சம் கூட இருந்துச்சு, டோன் டிஃபீட் அமுக்கினதும் அதுவும் முக்காவாசி கொறைஞ்சுது. ஆனா இப்ப வேற ஒண்ணு காதுல படுது, ராத்திரி மெதுவா வச்சு கேட்டா பழசுல தம்புரா ஸ்ருதி ஒரு மாதிரி சொரசொரன்னு இருக்கு, சத்தம் கூட்டினா சரியாகுது. லெஃப்ட் அமுங்குறதும் அப்படியே.

சால்டர்புகை:
மெதுவா வச்சா சொரசொர, கூட்டினா சரின்னா பயஸ் (சிக்னல் இல்லாதப்பவும் அவுட்புட் டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட்) இறங்கியிருக்க நல்ல வாய்ப்பு, அப்ப ஒரு டிரான்சிஸ்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு சிக்னல் மாறுற இடத்துல வர்ற க்ராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் சின்ன சிக்னல்ல தான் பல்லைக் காட்டும். லெஃப்ட் அமுங்குறது ஸ்பீக்கர் ப்ரொடெக்ஷன் ரிலே (ஸ்பீக்கரைக் காக்குற தானியங்கி சுவிட்ச்) கான்டாக்ட் கறுத்துப் போனது தான்னு தோணுது, பின்னாடி ப்ரீ அவுட், மெயின் இன் ஜம்பர் (ப்ரீஆம்ப் பகுதியையும் பவர் பகுதியையும் சேர்க்கிற துண்டு) இருந்தா அதையும் கழட்டி துடைச்சு மாட்டுங்க. ரிலேய மணல்தாள் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்கிற பூச்சு போயிடும், அதே காயில் வோல்டேஜ், அதே கால் அமைப்புல புதுசு போடறது தான் நிம்மதி.

பயஸ் பாக்கணும்னா இன்புட் இல்லாம, ஸ்பீக்கர் கழட்டி, அரை மணி நேரம் சூடான அப்புறம் எமிட்டர் ரெசிஸ்டர் ரெண்டு முனைலயும் டிசி மில்லிவோல்ட் பாருங்க. 0.22 ஓம்ல 22 மில்லிவோல்ட்னா 100 மில்லிஆம்பியர். எவ்வளவு வேணும்ங்கிறது உங்க மாடல் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அடுத்தவன் நம்பரை வைக்காதீங்க. ப்ரோப் வழுக்கி பக்கத்து காலைத் தொட்டா அவுட்புட் டிரான்சிஸ்டர் காலி, அதனால கொக்கி கிளிப் வச்சு, ஆஃப்ல மாட்டிட்டு ஆன் பண்ணுங்க. ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி ஆஃப்செட்டும் (சிக்னல் இல்லாமலே வெளிய வர்ற டிசி) பாருங்க, 50 மில்லிவோல்ட்டுக்கு கீழ இருந்தா பயமில்ல. பெரிய கெப்பாசிட்டர் ஆஃப் பண்ணினாலும் சார்ஜ் வச்சிருக்கும், கை வைக்காதீங்க. பழக்கமில்லன்னா சர்வீஸ் ஆளை கூப்பிடுங்க, கரண்ட் எகிறாம இருக்க சீரிஸ் பல்பு போட்டு ஆன் பண்றவரா பாருங்க.

ரெண்டுகட்டை:
அப்ப புதுசை நூறு மணி நேரம் ஓடவிடணுமா வேணாமா?

மல்டிமீட்டர்மாமா:
பாட்டு கேட்டுக்கிட்டே ஓடட்டும், யார் வேணாம்னா. நூறு மணில உங்க காது பழகும், அதான் அந்தத் திறப்பு. பயஸ் மில்லிவோல்ட் ரெண்டு சேனலுக்கும் எடுத்ததும் இங்க போடுங்க, ப்ரீசெட்டை (பயஸை செட் பண்ற குட்டி திருகு) அதுக்கு முன்னாடி தொடாதீங்க, பழைய ப்ரீசெட் பாதி திருகல்ல கான்டாக்ட் விட்டா சில சர்க்யூட்ல பயஸ் எகிறிடும்.