கீழ்ப் பல்செட் ஆடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கும் என் தாயாருக்கு மேல் செட் கச்சிதமாக நிற்க, ஒன்பது ஆண்டுப் பழைய கீழ் செட்டோ அவித்த பனங்கிழங்கைக் கடித்ததும் நாக்கோடு எழும்பிவிடுகிறது. பசையும் பயன்படவில்லை.

பதில் 1: மேல் செட் அண்ணம் முழுவதும் படிந்து உறிஞ்சிப் பிடிக்கும், கீழே குறுகிய ஈறு மட்டுமே இருப்பதாலும், பல் போனபின் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட அதிகமாகத் தேய்வதாலும் பிடிப்பு தளர்கிறது. செட்டின் உட்புறத்தில் புதிய பூச்சு இட்டு ஈறுக்குப் பொருந்தவைக்கும் ‘ரீலைன்’ செய்யலாம். ஆனால் ஒன்பது ஆண்டில் பற்களும் தேய்ந்திருக்கும் என்பதால் புதிய செட்டே நல்லது.

பதில் 2: அம்மா, என் தந்தைக்கு ரீலைன் ஆறு மாதமே தாங்கியது. பின்னர் கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு போன்ற உலோக வேர்) பதித்து, சட்டைப் பித்தானைப் போலச் செட்டை அவற்றில் அழுத்திப் பூட்டினார்கள். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்களும் இதையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தனர். செலவு கூடுதல்தான், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

பதில் 3: அதுவரை உணவைச் சிறு துண்டுகளாக்கி, இருபுறமும் ஒரே நேரத்தில் மென்று சாப்பிடச் சொல்லுங்கள், முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் தூக்கும்.