நான்கு பக்கமும் மறைப்பு இருக்கிற தோட்டத்துக்கும் ஆடிப்பட்டம் பார்க்க வேண்டுமா?

திருநகர் தோட்டக்காரன்:
வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பதினைந்தடி இடம். மேற்கிலும் தெற்கிலும் ஏழடிச் சுவர், கிழக்கே வீடு, வடக்கே பக்கத்து வீட்டுச் சுவர், மேலே 50 சதவீத நிழல்வலை. போர்வெல் தண்ணீர் உண்டு. இந்த மாசியிலேயே தக்காளி, கத்தரி, வெண்டை, நாட்டு அவரை நான்கையும் போடப்போகிறேன் என்று சொன்னால் கேட்கிற எல்லாரும் "ஆடிப்பட்டம் தேடி விதை", அதாவது ஆடி மாத விதைப்புப் பருவத்துக்குக் காத்திரு என்கிறார்கள். அது வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரிக் காட்டுக்குச் சொன்னது. எனக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது, காற்று வராது, வெயிலும் பாதிதான், அப்புறம் நான் எதற்கு ஐந்து மாதம் மண்ணைச் சும்மா போட வேண்டும்? தப்பு என்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

மேலூர் விவசாயி:
தம்பி, பட்டம் என்பது விதைக்கிற அன்றைய மழைக்காக மட்டும் பார்ப்பதில்லை. நம் மதுரைக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். ஆடியில் நாற்று விட்டு ஆவணியில் நட்டால் ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்துத் தண்டு முற்றிவிடும். அதைத் தவறவிட்டுப் புரட்டாசிக் கடைசியில் இளம் நாற்றை நட்டுப் பாருங்கள், மண்ணை ஒட்டிய இடம் கறுத்து, நூல் மாதிரி மெலிந்து, காலையில் நின்ற செடி சாயங்காலம் படுத்துக் கிடக்கும். நிழல்வலை வெயிலைத்தான் குறைக்கும், மழையைத் தடுக்காது. நான்கு பக்கமும் சுவர் வேறு, தண்ணீர் எங்கே வடியும்?

திருநகர் தோட்டக்காரன்:
அண்ணே, நீங்கள் சொல்வது ஐப்பசிக் கதை, நான் கேட்பது மாசி. போன வருசம் தைக் கடைசியில் வெண்டை ஊன்றினேன், 45 நாளில் முதல் பறிப்பு, சித்திரை வரைக்கும் வீட்டுக்குக் காய் வந்தது. ஆடிதான் என்று உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா? இன்னொன்று, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், வெட்டவெளியில் அந்தக் காற்றுக்கு இளஞ்செடி முறியும், இலை காயும். என் இடத்தில் அந்தத் தொல்லையே இல்லை. ஆகவே மறைவான இடத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வில்லாபுரம் மாடித்தோட்டம்:
வெண்டை வந்ததால் தக்காளியும் வரும் என்று நினைக்காதீர்கள் தம்பி. நானும் அப்படி நினைத்து மாசி முதல் வாரத்தில் நாற்று விட்டேன். 25 நாளில் பிடுங்கி நட்டேன், பங்குனிக் கடைசியில் செடி நிறையப் பூ. தினமும் காலையில் தரையில் பத்துப் பன்னிரண்டு பூ கிடக்கும். ஒன்றை எடுத்துப் பார்த்தால் காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஓர் இடம் இருக்கிறதே, சரியாக அங்கேயே கழன்றிருக்கும், பூ வாடக்கூட இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் போகிறது, காய் பிடிக்காது. வலை பகல் வெயிலைக் குறைக்கும், ஆனால் சுவர் என்ன செய்கிறது? இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அடுப்பிலிருந்து இறக்கின தோசைக்கல் மாதிரிச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றும் புகாத இடத்தில் அந்தச் சூடு எங்கே போகும்? தக்காளி விசயத்தில் உங்கள் மறைப்பு உதவி இல்லை, உபத்திரவம்.

அவரை இன்னும் கறார். நாட்டுக் கொடி அவரையை மாசியில் ஒன்று, ஆடியில் ஒன்று ஊன்றினேன். மாசிக் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து பக்கத்து வீட்டுக் கம்பி வரை போனது, ஒரு பூ இல்லை. இரண்டும் பூத்தது ஒரே கார்த்திகையில். பகல் பொழுது குறைந்தால்தான் அதற்குப் பூக்கவே தோன்றும், தண்ணீரும் வலையும் அதை மாற்றாது. ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றியது வீண்.

மேலூர் விவசாயி:
இதைத்தான் பெரியவர்கள் பட்டம் என்று ஒரே சொல்லில் வைத்தார்கள். கொடி ஓடாமல் செடியாகவே நிற்கிற குத்து அவரை என்றால் எந்த மாதமும் போடலாம், அதற்குப் பகல் நீளம் பொருட்டல்ல. நாட்டுக் கொடிக்கு ஆடியை விட்டால் கதியில்லை.

திருநகர் தோட்டக்காரன்:
சரி, அவரையில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மாசித் தக்காளியையும் விடுகிறேன். இப்போதைக்கு வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு. கத்தரிக்கு மட்டும் வெயில் தாங்கும் என்கிற நம்பிக்கை இருக்கிறது, நான்கு செடி வைப்பேன். ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை அண்ணே. காற்றுத் தொல்லை இல்லாததால் ஆனி நடுவிலேயே தக்காளி நாற்று விட்டு, காட்டுக்காரர்களைவிட ஒரு மாதம் முந்தலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

மேலூர் விவசாயி:
ஆனியில் விட்டால் ஆடிக் கடைசியில் பூக்கும், அப்போதும் மதுரையில் சூடு இறங்கியிருக்காது தம்பி. செடி முந்தும், காய் முந்தாது.

வில்லாபுரம் மாடித்தோட்டம்:
அதை விதைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனியில் நான்கு, ஆடியில் நான்கு என்று பிரித்து வையுங்கள், மேற்குச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி. தெற்குச் சுவர் ஓரத்திலும் வேண்டாம். ஆடியில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருப்பதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடும், ஏழடிச் சுவரின் நிழல் மத்தியானத்திலேயே நாலரை அடி உள்ளே விழும். காய்க்கிற நேரத்தில் செடி இருட்டில் நிற்கும். அந்த ஓரத்தில் கீரை போடுங்கள். வெண்டைக்கு இலை நரம்பு மஞ்சளாகிறதா, இலையின் அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், அந்த மஞ்சள் நோயைப் பரப்புகிற வெள்ளை ஈ கோடையில் அதிகம், நிழல்வலைக் கண்ணுக்குள் தாராளமாக நுழையும். மஞ்சளான செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும்.