ஒரு தட்டு கழுவ அரை லிட்டர் தண்ணீர் போதுமாம்!

தெற்குக்கரை:
பூமியைக் காக்கும் வீட்டுப் பழக்கங்கள் என்று பச்சைவீடு போன வாரம் பத்து எழுதியிருந்தார். துணிப்பை, வாளிக் குளியல், எல்லாம் சரி. ஏழாவதைப் படித்ததும் எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. "விசேஷங்களில் வாழையிலையை விட்டு எவர்சில்வர் தட்டுக்கு மாறுங்கள். இலை ஒரே வேளையில் குப்பை. தட்டு கழுவ அரை லிட்டர் தண்ணீர் போதும்." அரை லிட்டராம்! ஏழு கறியும் ரசமும் பாயசமும் வழிந்த தட்டை அரை லிட்டரில் கழுவியவர் மொரீசியசில் யாராவது உண்டா? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

பச்சைவீடு:
முழுதாகப் படித்துவிட்டுக் குதியுங்கள். சாப்பிட்டு மடித்த இலை எங்கே போகிறது? கறுப்புப் பையில் கட்டி, லாரியில் ஏற்றி, மார் சிகோஸ் குப்பைக் கிடங்கு. 1997 முதல் இந்தத் தீவின் குப்பையெல்லாம் அங்கேதான் மலையாக ஏறுகிறது. காற்றுப் படாமல் புதைந்து அழுகும் இலையிலிருந்து மீத்தேன்தான் வரும். இலை மக்கும், மக்கும் என்கிறோம். மக்க விடுகிறோமா?

தெற்குக்கரை:
மீத்தேனை நான் கேட்கவில்லை. அரை லிட்டரைக் கேட்டேன்.

மூன்றாம்பந்தி:
அந்த வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களே அண்ணே. நான் இலையில் சாப்பிட்டால் பச்சைவீட்டில் விளக்கு எரியும். எனக்கு இன்னும் கொஞ்சம் பலாக்காய்க் கறி வைக்கச் சொல்லுங்கள்.

காத்ர்போர்ன் டீச்சர்:
சூழலுக்கு நல்லது என்று எதைச் சொல்கிறோம்? தண்ணீரை மிச்சப்படுத்துவதா, குப்பையைக் குறைப்பதா, எரிபொருளா? அதை முதலில் முடிவு செய்யாமல் இலையா தட்டா என்று கேட்டால் விடை வராது. அப்புறம், எவர்சில்வர் தமிழே இல்லை. துருப்பிடிக்காத எஃகு.

தெற்குக்கரை:
டீச்சர், வகுப்பைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும். அதைக் கழுவ எத்தனை லிட்டர்?

பச்சைவீடு:
குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவச் சொல்லவில்லை. மூன்று தொட்டி வைக்க வேண்டும். முதலாவதில் எச்சில் போக, இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் அலசல். நூறு தட்டுக்கு மொத்தம் 50 லிட்டர். வகுத்துப் பாருங்கள்.

தெற்குக்கரை:
நூறாவது தட்டை அலசும்போது மூன்றாவது தொட்டியில் இருப்பது தண்ணீரா, ரசமா? அந்தத் தட்டை உங்களுக்கே வைக்கிறேன்.

டர்பன் அக்கா:
தம்பிகளா, 50 லிட்டர் என்றதும் உள்ளே வந்தேன். 2018 பிப்ரவரியிலிருந்து சில மாதம் கேப் டவுனில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அனுமதி இருந்தது. குளியல், கக்கூஸ், சமையல், துணி எல்லாம் அதற்குள். என் தங்கை வீட்டில் குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துத்தான் கக்கூஸில் ஊற்றினார்கள்.

பச்சைவீடு:
பார்த்தீர்களா, ஒரு ஆளின் ஒரு நாள் தண்ணீரில் நூறு பேர் சாப்பிட்ட தட்டு கழுவலாம்!

தெற்குக்கரை:
பார்த்தீர்களா, ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கப் பிழைக்கும் தண்ணீரை இவர் எச்சில் தட்டில் ஊற்றுகிறார்! இலைக்கு? ஒரு கை தெளித்துத் துடைத்தால் முடிந்தது. நவம்பரில் மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம் வற்றிக் கிடக்கும்போது, எங்கள் தெருவில் காலையில் மூன்று மணி நேரம்தான் தண்ணீர். அப்போது வாருங்கள், உங்கள் மூன்று தொட்டியோடு.

மூன்றாம்பந்தி:
வீட்டுக்கு வரும் முன்பே பாதித் தண்ணீருக்கு மேல் குழாய் வழியிலேயே கணக்கில்லாமல் போகிறது. நீங்கள் தட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

தெற்குக்கரை:
பேச்சை மாற்றாதே. அரை லிட்டர்.

பச்சைவீடு:
சுற்றுச்சூழல் பற்றி நீங்கள் பேசுவதுதான் வேடிக்கை. போன காவடிக்கு மோர்ப்பந்தல் யார் பொறுப்பு? தெரு முழுக்கப் பிளாஸ்டிக் கோப்பை. 2021 ஜனவரி 15-லிருந்து தடை செய்த சாமான். வெறுங்காலோடு காவடி எடுத்து வந்தவர்கள் அதை மிதித்து நடந்தார்கள்.

தெற்குக்கரை:
அது பழைய சரக்கு. வீணாக்க வேண்டாமே என்று கொடுத்தோம். அதுவும் சிக்கனம்தான். 2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பலின் எண்ணெய் எங்கள் கரைக்கு வந்தபோது நான்கு நாள் உட்கார்ந்து கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்தவன் நான். கையில் ஒரு வாரம் எண்ணெய் நாற்றம் போகவில்லை. நீங்கள் அன்று என்ன செய்தீர்கள்? வந்து படம் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

பச்சைவீடு:
நானும் தைத்தேன். படமும் எடுத்தேன். இரண்டு கை இருக்கிறதே.

காத்ர்போர்ன் டீச்சர்:
சோகை என்பது காய்ந்த தோகை. வகுப்பில் பிள்ளைகள் அதைச் சக்கை என்று எழுதுகிறார்கள். தெற்குக்கரை சரியாக எழுதியதற்கு நன்றி.

தெற்குக்கரை:
நன்றி டீச்சர். தட்டுக்கு எத்தனை லிட்டர் என்று நீங்களாவது சொல்லுங்கள்.

சென்பியேர்க்காரன்:
ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே கோயில் விருந்தில் இன்றும் இலைதான். மிச்சமான இலை மாட்டுக்குப் போகும். இதில் என்ன சண்டை?

பச்சைவீடு:
உங்களிடம் மாடு இருக்கிறது. ரோஸ் ஹில்லில் மூன்றாம் மாடியில் நான் மாடு எங்கே கட்ட?

மூன்றாம்பந்தி:
மூன்றாம் மாடி என்கிறாரே, பேரில் மட்டும்தான் பச்சையா? பட்டுப்புடவை எடுக்கச் சென்னைக்குப் பறந்தது எத்தனை லிட்டர் எரிபொருள் அண்ணே?

பச்சைவீடு:
அது என் தங்கை கல்யாணம். குடும்பத்தை இழுக்காதே.

டர்பன் அக்கா:
நான் வாழைத்தண்டு கேட்கத்தான் வந்தேன். டர்பனில் இலை கிடைக்கிறது, தண்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. மொரீசியசில் நிறையக் கிடைக்குமா?

தெற்குக்கரை:
2024 ஜனவரியில் பெலால் புயல் என் கொல்லை வாழையைச் சாய்த்துவிட்டது அக்கா. இப்போதுதான் கன்று தேறியிருக்கிறது. வந்தால் தருகிறேன். பச்சைவீட்டுக்குத் தரமாட்டேன், அவர் தட்டையே கடித்துத் தின்னட்டும்.

பச்சைவீடு:
சரி, இன்று மதியம் அளந்துவிட்டேன். பரங்கிக்காய்க் கறி, கீரை, ரசம் சாப்பிட்ட தட்டு. ரொட்டித் துண்டால் துடைத்துத் தின்றுவிட்டு, போத்தலில் அளந்து கழுவினேன். 600 மில்லி. படம் போட்டிருக்கிறேன்.

தெற்குக்கரை:
600! அரை லிட்டர் என்றால் 500. வசமாக மாட்டினீர்கள்.

பச்சைவீடு:
ஒரு தட்டைத் தனியாகக் கழுவியதால் கூடிவிட்டது. நூறு தட்டாக இருந்தால்...

தெற்குக்கரை:
நெய் எங்கே? பாயசம் எங்கே? ஏழு கறி என்றேன், மூன்றை எண்ணுகிறீர்கள். மிச்சத்தை ரொட்டியால் துடைத்திருக்கிறீர்கள். கல்யாணத்தில் விருந்தாளியிடம் ரொட்டித் துண்டு கொடுத்துத் தட்டைத் துடைக்கச் சொல்வீர்களா?

மூன்றாம்பந்தி:
படத்தில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியும் டம்ளரும் ஈரமாக இருக்கின்றனவே. 600-இல் அவையும் சேர்த்தியா?

பச்சைவீடு:
டம்ளர் காலையில் கழுவியது.

தெற்குக்கரை:
அப்படியானால் கரண்டி?