ஊர்ப் பெயர் வைத்த சாப்பாடு அந்த ஊரில் இருக்கிறதா?

பரந்தன்சந்தி:
ஏ9 வீதிக்கரையில் மச்சானும் நானும் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போகிறோம். விலைப்பட்டியல் எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் வெளியூர்ப் பெயர்: மொங்கோலியன் றைஸ், சைனீஸ் றோல்ஸ், சிக்கன் மஞ்சூரியன், சிங்கப்பூர் நூடில்ஸ். அந்த ஊர்க்காரர் யாராவது வந்து சாப்பிட்டால் இது எங்கள் சாப்பாடுதான் என்று ஒத்துக்கொள்வார்களா? அப்புறம் இன்னொன்று. முல்லைத்தீவிலிருந்து இறால் எடுத்து, செத்தல் மிளகாயும் மிளகும் இடித்துப் போட்டு ஒரு பிரட்டல் செய்கிறோம். அதற்கு ‘முல்லைத்தீவு இறால்’ என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. யாழ்ப்பாணம் என்று போட்டால்தான் கொழும்புச் சனம் வாகனத்தை நிறுத்தும் என்று மச்சான் நிற்கிறான். என்ன சொல்கிறீர்கள்?

குளக்கட்டு:
தம்பி, நீங்கள் எழுதின நாலில் ஒன்றுகூட அந்தந்த ஊருக்குச் சொந்தமில்லை.

மஞ்சூரியன் மும்பையில் பிறந்தது. நெல்சன் வாங் என்ற சமையற்காரர் 1975 அளவில் அங்குள்ள கிரிக்கெட் கிளப்பில் செய்து கொடுத்ததாகச் சொல்வார்கள். சோயா சோஸை விட்டுவிட்டால் மிச்சம் இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய் எல்லாம் இந்தியக் கைதான். சிங்கப்பூர் நூடில்ஸ் ஹொங்கொங் கடைகளில் போடுகிற சாப்பாடு, மஞ்சளாகத் தெரிவது கறித்தூள். சிங்கப்பூரில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். சைனீஸ் றோல்ஸைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, மாவைக் கரைத்து மெல்லிசாக ஊற்றி எடுத்து, உள்ளே கிழங்கும் மீனும் லீக்ஸும் வைத்துச் சுருட்டி, றஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கிற அந்தச் சாமான் எங்கள் நாட்டு பேக்கரிகளின் சொத்து.

மொங்கோலியன் கதைதான் சுவாரசியம். சோறு எப்படி அந்தப் பெயரில் வந்தது என்பதை விடுங்கள், உலகம் முழுக்கக் கடைகளில் ஓடுகிற ‘மொங்கோலியன் பார்பிகியூ’வைத் தொடக்கியவர் வூ ஜாவோநான், தாய்வானில், 1951 இல். ஆள் பீஜிங்கிலிருந்து வந்த நகைச்சுவைக் கலைஞர். பீஜிங் பெயரை வைக்கத்தான் நினைத்தாராம். ஆனால் அப்போது பீஜிங் கம்யூனிஸ்டுகளின் தலைநகர், தாய்வானில் இருந்துகொண்டு அந்தப் பெயரைப் பலகையில் எழுதினால் வம்பு. தூரத்தில் கிடந்த மொங்கோலியாவைப் பிடித்துப் போட்டார். நீங்களும் மச்சானும் இப்போது படுகிற பாடுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

மாங்குளம்அக்கா:
கடையை விடுங்கள், குசினிக்குள் பாருங்கள். மைசூர்ப் பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து வருகிறது. (கனடா மாமா பார்சல் அனுப்ப மறந்தாலும் பருப்பு மட்டும் தவறாமல் வரும்.) பம்பாய் வெங்காயம் என்று வாங்குகிறோம், அதில் கனக்க இந்தியாவிலிருந்து வருவது உண்மை, 2023 டிசெம்பரில் அவர்கள் ஏற்றுமதியை நிறுத்தினபோது விலை ஏறின ஏற்றத்தில் வீட்டில் பழையபடி சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டோம். ஆனால் தம்புள்ளையில் விளைந்ததும் பம்பாய் வெங்காயம்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து கறுத்தக் கொழும்பான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காய்க்கிற மாம்பழத்துக்குக் கொழும்பின் பெயர். பழுத்தாலும் தோல் பச்சை மாறாது, மூக்கடியில் மணத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும், அதைத் தெரியாதவர்கள் காய் என்று தள்ளிவிட்டுப் போவார்கள். போகட்டும், எங்களுக்கு மிச்சம்.

என் எண்ணம், பொருள் எந்த வழியால் கைக்கு வந்ததோ அந்த இடத்தின் பெயரைத்தான் சனம் ஒட்டும். மொக்கா கோப்பிக்கு அந்தப் பெயர் யேமனில் உள்ள மொக்கா துறைமுகத்தால் வந்தது. கோப்பி விளைந்தது உள்ளே மலைப்பக்கம், கப்பல் ஏறினது மொக்காவில். டென்மார்க்கில் போய் ‘டேனிஷ் பேஸ்ட்ரி’ கேட்டால் வியன்னாப் பாண் என்பார்கள், ஒஸ்திரிய பேக்கரிக்காரர் கொண்டுவந்த வேலையாம்.

நியாயமாகப் பெயர் வந்தவையும் உண்டு. மாசியை ஆங்கிலத்தில் மாலைதீவு மீன் என்பது சரியானதே. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காய வைப்பது அவர்கள் தொழில். சம்பலுக்கு இடிக்கும்போது உரலே அதிரும்.

நந்திக்கடல்:
எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. இங்கே விடியக் கரைக்கு வருகிற நண்டைப் பெட்டியில் ஐஸ் போட்டு ஏற்றுகிறார்கள். கொழும்பில் தட்டுக்கு வரும்போது அது ‘யாழ்ப்பாண நண்டுக்கறி’. வலையில் சிக்கின நண்டின் காலை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறவன் கை கிழியும், பெயர் இன்னோர் ஊருக்கு. தம்பி, முல்லைத்தீவு என்றே எழுதுங்கள். மச்சானை இங்கே அனுப்புங்கள், நான் கதைக்கிறேன்.

குளக்கட்டு:
கோபம் விளங்குகிறது அண்ணை, ஆனால் யாழ்ப்பாண நண்டுக்கறி என்பது கறித்தூளுக்கும் காய்ச்சுகிற முறைக்கும் உள்ள பெயர். நண்டு எந்தக் கடல் என்று அதில் சொல்லவில்லை. பொருளுக்கு ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் சட்டத்தால் காக்க வேண்டும். பிரான்சில் ஷாம்பெய்ன் பிரதேசத்துக்காரர் அப்படித்தான் வேறு யாரையும் ஐரோப்பாவில் அந்தப் பெயர் வைக்க விடுவதில்லை. இத்தாலிக்காரரும் 2008 இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ‘பார்மெசான்’ என்ற பெயரைக் காப்பாற்றினார்கள். இங்கிலாந்தின் செடார் கிராமத்தைப் பாருங்கள், காவல் இல்லாததால் அந்தச் சீஸை இன்று யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் நாட்டுக்கு ஐரோப்பாவில் அப்படிக் கிடைத்த முதல் பெயர் சிலோன் கறுவா, 2022 இல். நாட்டின் பெயரை 1972 இல் மாற்றியும் கறுவாவும் தேயிலையும் இன்னும் சிலோன்தான், விற்கிற பெயரை யாரும் லேசில் கைவிட மாட்டார்கள்.

பரந்தன்சந்தி:
சரி, முல்லைத்தீவு இறால்தான். மொங்கோலியன் றைஸை எடுக்க முடியாது, பொடியள் அதைக் கேட்டுத்தான் வருவார்கள். சிங்கப்பூரை வெட்டிவிட்டேன். நந்திக்கடல் அண்ணை, மச்சானை ஞாயிறு அனுப்புகிறேன், இறால் விலையையும் அப்போதே கதைத்து முடியுங்கள்.

பேசாலைக்காற்று:
வன்னிக்குப் பெயர் பெற்ற சாமான் இல்லை என்கிற மாதிரிப் போகிறது கதை. மன்னார்க் கருவாடு எங்கே போனது? மன்னார் வன்னியில் இல்லை என்று யாரும் தொடங்க வேண்டாம், தேர்தல் மாவட்டக் கணக்கில் நாங்கள்தான் வன்னி, பரந்தன் தம்பி யாழ்ப்பாணத்துக்கு வாக்குப் போடுகிறவர். ஆகவே மச்சான் சொன்ன பெயரும் முழுப் பிழையில்லை.