சார்ட்லிக்குப் போன பீர் பீப்பாய்

ஸ்காட்லாந்தின் முன்னாள் ராணி மேரி ஸ்டூவர்ட், இங்கிலாந்து ராணி எலிசபெத்தைக் கொல்லச் சதி செய்த பாபிங்டனோடு பரிமாறிய சங்கேத எழுத்தில் நாலு வரி எழுதிப் பாருங்கள், மேரி எங்கே கோட்டை விட்டார் என்று புரிந்துவிடும். எழுத்துகளுக்கு 23 குறிகள் (ஜே, வி, டபிள்யூ கிடையாது), அடிக்கடி வரும் சொற்களுக்கு 30க்கும் மேல், குழப்புவதற்காக வெற்றுக்குறி 4, எழுத்து இரட்டிப்பதைக் காட்ட ஒன்று. பார்க்க மிரட்டும். ஆனால் ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே குறிதான். ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்துதான் அதிகம் புழங்கும். அதன் குறி சிக்கினால் மற்றவை ஒவ்வொன்றாக விழும். வெறும் 4 வெற்றுக்குறி அதைத் தடுக்காது. எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்காமின் ஆள் பிலிப்ஸ் இப்படித்தான் உடைத்தார். மேரியின் கடிதத்தின் வெளிப்புறத்தில் தூக்குமரம் வரைந்து வால்சிங்காமுக்கு அனுப்பினார். குசும்பு!

---

சங்கேதத்தை மட்டும் குறை சொன்னால் எப்படி? கடிதம் போன வழியே பொறி. 1586இல் மேரி காவலில் இருந்த சார்ட்லி மாளிகைக்கு பர்ட்டன் ஊரிலிருந்து பீர் வரும். கடிதத்தைத் தோலில் சுற்றி, பீப்பாயின் அடைப்பான் துளை வழியே உள்ளே விடுவார்கள்; காலிப் பீப்பாயில் பதில் திரும்பும். ஏற்பாடு செய்த கிஃபர்ட் வால்சிங்காமின் கையாள். பீர்க்காரருக்கு இரு தரப்பிலும் காசு. போதாததற்கு பீர் விலையையும் ஏற்றச் சொன்னார். ஜூலை 17 தேதியிட்ட மேரியின் பதிலில், சதியில் இறங்கும் 6 பேர் யார் என்று கேட்கும் பின்குறிப்பைப் பிலிப்ஸ் தானாகச் சேர்த்தார். அக்டோபர் விசாரணையில் நகலைத்தான் காட்டினார்கள். 'என் கையெழுத்தைக் காட்டுங்கள்' என்று மேரி கேட்டதில் நியாயம் உண்டு.

---

நியாயம் சரி, ஆனால் சதிக்குத் தலையசைத்தார் என்பதை அந்தப் பின்குறிப்பை நீக்கினாலும் மறைக்க முடியாது. அதற்கு முன்பே சொந்த நாட்டில் இரு மதத்தாரின் ஆதரவையும் இழந்தவர். கணவர் டார்ன்லி 1567 பிப்ரவரியில் கொல்லப்பட, சந்தேகத்துக்குள்ளான பாத்வெல்லையே மே 15இல் மணந்தார், அதுவும் புராட்டஸ்டண்ட் முறையில். கத்தோலிக்கர்கள் முகம் சுளித்தார்கள். புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் ஒரே மாதத்தில் சிறைபிடித்தார்கள். தப்பி இங்கிலாந்துக்குள் நுழைந்தவர் கிட்டத்தட்ட 19 ஆண்டு, சாகும்வரை, வெளியே வரவில்லை. 1570இல் போப் எலிசபெத்தை மதவிலக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று அறிவித்ததும், இங்கிலாந்து அரியணைக்கு உயிரோடிருக்கும் கத்தோலிக்க வாரிசு என்பதே மேரிக்கு வினையாகிவிட்டது.

---

கடைசிக் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1587 பிப்ரவரி 8, அதிகாலை 2 மணி, பிரெஞ்சு மன்னருக்கு. தாளின் ஓரத்திலிருந்தே மெல்லிய பட்டையை வெட்டி, மடித்த கடிதத்தைத் துளைத்துத் துளைத்துக் கோத்துப் பூட்டியிருக்கிறார். பட்டையை அறுக்காமல் பிரிக்க முடியாது, யாராவது கைவைத்தால் தெரிந்துவிடும். தாமதமாக வந்த எச்சரிக்கை. காலையில் மரண தண்டனை; கோடரி 2 முறை விழுந்தது. ஒட்டியிருந்த நரம்பை அறுத்தெடுத்தார்கள். கத்தோலிக்கர் கையில் புனிதப் பொருளாகிவிடக் கூடாதென்று ரத்தம் பட்ட துணிகளை எரித்தார்கள், கழுத்தை வைத்த கட்டையையும் விடவில்லை.