200 வாட் எஸ்எம்பிஎஸ், கையில் 16,000 ரூபாய்: எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

நைட்ஷிப்ட்:
வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். வேலை முடிந்து வீடு வர இரவு ஒரு மணி ஆகிவிடும். வந்ததும் தூக்கம் வராது. இத்தனை வருடம் மொபைலில் விளையாடியதில் கட்டைவிரல் வலிதான் மிச்சம்.

போன வருடம், ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட எச்பி ப்ரோடெஸ்க் சிபியு ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஐ5-6500, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒல்லியான பெட்டி, படுக்க வைத்தால் சேலைப் பெட்டி மாதிரி இருக்கும். ஜிடிஏ 5 போட்டுப் பார்த்தேன். எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்துக்கு இறக்கியும் கார் ஓடவில்லை, நடந்து போகிறது.

தீபாவளி போனஸில் வீட்டுக்குக் கொடுத்தது போக 16,000 ஒதுக்கி வைத்திருக்கிறேன். இங்கே ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி, 7,000 ரூபாய் என்கிறார்கள். ஒரு மாதம் டெஸ்டிங் வாரண்டி. "ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் நாலு ஜிபிதான் சார், இதில் எட்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் கடைக்காரர். வாங்கிவிடலாமா? ஆசை எல்லாம் ஜிடிஏ 5, விட்சர் 3, வேலரன்ட், அவ்வளவுதான்.

கொங்குப்பையன்:
580 வேண்டாம் நண்பா, பழசு. இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 எடுங்கள். 8 ஜிபி, 1080பியில் எல்லா கேமும் பறக்கும்.

பழைய மதர்போர்டு:
6600 நல்ல கார்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 132 வாட் வேண்டும், எட்டு பின் பவர் கேபிள் வேண்டும். அந்த ஒல்லி பெட்டிக்குள் அப்படி ஒரு கேபிளே இருக்காது.

தம்பி, கார்டு பெயரை எல்லாம் மறந்துவிட்டு முதலில் சிபியுவைத் திறங்கள். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் யூனிட், அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட்? கார்டு மாட்டும் நீளமான பிசிஐஇ ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் அளவுக்குக் காலி இடம் இருக்கிறதா? பின்பக்கம் கார்டைத் திருகும் தகடு எவ்வளவு உயரம்? ஸ்கேல் வைத்து அளங்கள், கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். கூடவே மானிட்டர் என்ன சைஸ் என்றும் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்:
திறந்தேன் அண்ணா. உள்ளே பாதி பஞ்சு. ஸ்டிக்கரில் 200 வாட் என்று இருக்கிறது. தகடு 8 சென்டிமீட்டர். பக்கத்து ஸ்லாட் காலி. மானிட்டர் 20 இஞ்ச், 1600க்கு 900, அதுவும் பழசுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து போர்டுக்குப் போகிற கேபிள் யூடியூபில் காட்டுகிற அகலமான கேபிள் மாதிரி இல்லை, சின்னதாக இருக்கிறது. அது பிரச்சினையா?

பழைய மதர்போர்டு:
அது எச்பியின் சொந்தக் கேபிள். வெளியே விற்கிற 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி அப்படியே மாட்ட முடியாது, பெட்டிக்குள் நுழையவும் நுழையாது. ஆகவே இந்த 200 வாட்டுக்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

உங்கள் பிராசசர் 65 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 30 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நூறு வாட். அதையும் விளிம்பு வரை போட்டு இழுக்கக் கூடாது. பிசிஐஇ ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அந்த 75க்குள் அடங்குகிற, தனி பவர் கேபிள் கேட்காத கார்டு ஒன்றுதான் உங்களுக்கு வழி. 580 தனியாகவே 185 வாட் தின்னும் ஜாதி. 7,000 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் 2048எஸ்பி என்கிற சிறுத்த வகை. அதற்கும் தனி கேபிள் வேண்டும். போதாக்குறைக்கு 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் நின்றதும் மூட்டை மூட்டையாக வெளியே வந்ததில் இந்த 580களும் உண்டு. இரண்டு மூன்று வருடம் ராத்திரி பகல் ஓடிய கார்டுக்கு ஒரு மாத வாரண்டி. அந்தக் கடைக்காரர் உங்களிடம் ஜிபியைச் சொன்னார், வாட்டைச் சொல்லவில்லை.

அடுத்தது உயரம். சாதாரண கார்டின் தகடு 12 சென்டிமீட்டர், உங்கள் பெட்டியில் 8. அதனால் லோ ப்ரொஃபைல் என்கிற உயரம் குறைந்த கார்டு மட்டும்தான். இந்தச் சல்லடையில் சலித்தால் மிஞ்சுவது மூன்று நான்குதான்.

ஆர்எக்ஸ் 6400, 53 வாட்தான், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பிசிஐஇ ஸ்லாட்டின் நான்கே லேனில், அதாவது டேட்டா போகும் நான்கே பாதையில் ஓடும் கார்டு. நான்காம் தலைமுறை ஸ்லாட்டை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் போர்டு மூன்றாம் தலைமுறை. அங்கே பாதை பாதியாகிவிடும், 4 ஜிபி நிரம்பும்போது தடுக்கி விழும். வேண்டாம்.

1050 டிஐ மலிவாகக் கிடைக்கும். 2016ல் வந்தது. புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. போலிகளும் இதில்தான் அதிகம்: பழைய 550 டிஐ சிப்பை எடுத்து, கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்கிற மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைப்பார்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி லோ ப்ரொஃபைல். 70 வாட், 2024ல் வந்தது. இந்த நான்கில் நல்லது இதுதான். ஆனால் கடையில் 8 ஜிபி 3050 என்று இன்னொன்று இருக்கும், அது 130 வாட், கேபிள் கேட்கும். பெயர் ஒன்று, ஆள் வேறு. அட்டையில் 6 ஜிபி என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 1650 லோ ப்ரொஃபைல். 75 வாட், 4 ஜிபி, 2019.

என்னைக் கேட்டால் உங்களுக்கு 1650 போதும். 900 கோடு மானிட்டரும், நான்கு கோர் நான்கு த்ரெட் பிராசசரும் வைத்துக்கொண்டு 3050 போட்டால், கார்டு பாதி நேரம் பிராசசருக்காகக் காத்திருக்கும். வேலரன்டுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. விட்சர் 3க்கு 2022 டிசம்பரில் வந்த அப்டேட் கொஞ்சம் கனம். கேம் வாங்கும் ஸ்டீம் ஆப்பில் பீட்டா பகுதியில் பழைய கிளாசிக் பதிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு விளையாடுங்கள்.

மிச்சப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி ராம். இப்போது ஒற்றைக் குச்சியில் ஓடுகிறதுதானே? இரண்டாகப் போட்டால் ஜிடிஏவில் திணறித் திணறி ஓடுவது அடங்கும். அந்தப் பஞ்சையும் முதலில் எடுங்கள். சட்டையில் ஒட்டிக்கொண்டு கம்பெனியில் இருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தப் பெட்டியில் எவ்வளவு போட்டாலும் அடுத்த முறை எதையும் மாற்ற முடியாது. 9,500க்கு வாங்கியதை 8,000க்குத் தள்ளிவிட்டு, டவர் கேபினெட்டில் பழைய சிஸ்டம் ஒன்று வாங்கினால் சாதாரண எஸ்எம்பிஎஸ் போடலாம், 6600 போடலாம்.

பழைய மதர்போர்டு:
கணக்கு சரி. ஆனால் கேபினெட், எஸ்எம்பிஎஸ், போர்டு என்று ஆரம்பித்தால் 16,000 கார்டு வாங்கும் முன்பே கரைந்துவிடும். அவர் இரவு இரண்டு மணிக்குக் கொஞ்ச நேரம் கார் ஓட்டக் கேட்கிறார், டோர்னமென்ட் ஆடக் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அதுவும் சரிதான். ஆனால் செகண்ட் ஹேண்ட் 1650 லோ ப்ரொஃபைல் தேடிக் கிடைப்பது கஷ்டம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

நைட்ஷிப்ட்:
கஷ்டம்தான். மூன்று வாரம் தேடினேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்தது, 8,500 சொன்னார், 7,800க்கு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவர் வீட்டிலேயே அவர் சிஸ்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். என்ன என்ன பார்க்க வேண்டும் என்று மதர்போர்டு அண்ணா தனியாக மெசேஜில் சொல்லியிருந்தார். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் கால் மணி நேரம் ஓடியது. ஃபேன் சத்தத்தில் கரகரப்பு இல்லை. அவர் அம்மா காபி கொடுத்தார்கள்.

கார்டில் பெரிய தகடு மாட்டியிருந்தது, சின்ன தகடு கவரில் தனியாக. இரண்டையும் மாற்ற ஐந்து திருகு. அதில் ஒன்று கைநழுவி ஃபேனுக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் கார்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி எடுத்தேன். அதன் பிறகு ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. பவர் ஆன், ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீனில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் பார்த்தேன், என் மானிட்டரில் விஜிஏ என்கிற பழைய வகை கேபிள் இணைப்பு மட்டும்தான் இருக்கிறது. கார்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும். இதுவரை போர்டின் விஜிஏவிலேயே ஓட்டிக்கொண்டிருந்ததால் தோன்றவே இல்லை.

பழைய மதர்போர்டு:
அட, அளவெல்லாம் கேட்டேன், கேபிளைக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். திசை முக்கியம், விஜிஏவில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போவது வேறு பொருள். வெறும் கேபிளாக இருக்கக் கூடாது, தலைப்பக்கம் கொஞ்சம் தடித்திருக்கும், உள்ளே சிப் இருக்கும்.

நைட்ஷிப்ட்:
நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே ஒன்று வாங்கிவிட்டேன் அண்ணா. திசை தப்பு. மறுநாள் போய் மாற்றி வந்தேன், மேலே 100 ரூபாய் வாங்கினார்கள்.

இப்போது ஓடுகிறது. ஜிடிஏவில் எல்லாம் ஹையில் வைத்து நொடிக்கு 60 ஃப்ரேமைத் தொடுகிறது. ராமும் போட்டாயிற்று. ஒரே ஒரு விஷயம்: பெட்டியை மேஜைக்குக் கீழே சாக்குப் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் மேல் மூடியில் கை வைக்க முடியவில்லை, கார்டு 83 டிகிரி காட்டியது. மேஜை மேலே எடுத்து வைத்ததும் 71க்கு வந்துவிட்டது. இது சரியான அளவுதானா?

பழைய மதர்போர்டு:
71 தாராளமாகப் போதும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி பஞ்சை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.